பெட்டியின் புத்தி இணைப்பாகப் போன விவரம்

ஒரு வீடு என்று இருந்தால் அதற்கு நிர்வாகம் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதில் சுற்றறிக்கையாருக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பதிவேடுகள் துறையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பதினோரு வருடமாகக் கண்காணிப்பாளர். இயக்குநர் கையெழுத்துப் போடுகிற சுற்றறிக்கைகள் அத்தனையையும் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவர் அவர்தான் என்பதால் அலுவலகத்தில் அந்தப் பெயர் வந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் ஆட்சேபிக்கவில்லை.

அவர் வீட்டு அலமாரியின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. சேமிப்பு சர்வர் என்பார்கள். உள்ளே நான்கு டிஸ்க்குகள். குடும்பத்தின் போட்டோக்கள், கல்லூரியில் படிக்கும் மகளின் பாடங்கள், மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருக்கும் மனைவியின் டியூட்டி அட்டவணைகள், எல்லாம் அதற்குள்ளே. யாரும் தங்கள் போனில் தனிப் பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது வீட்டுச் சுற்றறிக்கை எண் ஒன்று. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் பார்வைக் கோரிக்கைப் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று வேலை நாட்கள் காத்திருக்க வேண்டும்.

ஒருமுறை மனைவி தன் தம்பி குழந்தையின் போட்டோவைக் கேட்டுப் படிவம் கொடுத்தாள். 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஆசை' என்று எழுதியிருந்தாள். ஆசை என்பது போதுமான காரணமாகக் கருதப்பட இயலாது என்ற குறிப்போடு படிவம் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் அவர் டீ கேட்டார். பசி என்பதும் போதுமான காரணமாகக் கருதப்பட இயலாது என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

பெட்டியை அமைத்துக் கொடுத்தவன் அந்தத் தம்பிதான். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும் என்பதால் குடும்பத்தில் அவனுக்குப் பெயர் திருப்புளி. பெட்டியின் பின்னால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு, "மாமா, டிஸ்க் எல்லாம் வெறும் உடம்பு. பெட்டியோட புத்தி இதுலதான் இருக்கு. இதை மட்டும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். சுற்றறிக்கையார் அதை ஒரு குறிப்பாகத் தட்டச்சு செய்து, எண் கொடுத்து, பத்திரமாகப் பெட்டிக்குள் சேமித்து வைத்தார்.

நிலைமை இப்படி இருக்கையில்தான் அலுவலகத்தில் தன்னைத்தானே மெய்ப்பித்தல் திட்டம் அறிவிக்கப்பட்டது.

அது என்ன திட்டம் என்றால், மூன்று வருடங்களுக்கு முன்னால் 'காகிதமில்லா அலுவலகம்' என்று ஒரு மோகம் வந்து, துறையின் காகிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு, அசலை எல்லாம் துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். ஊழியர்களின் நியமன ஆணை, பணிப் பதிவேடு எல்லாமும்தான். ஸ்கேன் செய்ததில் அலுவலகத்துக்கு ஒரு பிரதி, அவரவருக்கு ஒரு பிரதி. இப்போது புதிய இயக்குநருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் உண்மையிலேயே இங்கே வேலை பார்க்கிறவர்கள்தானா என்று. நியாயமான சந்தேகம்தான். வெளியிலிருந்து வரும் மக்களுக்கு அது ரொம்ப நாளாகவே இருந்தது.

அலுவலகப் பிரதியை வைத்து அலுவலகத்தையே சரிபார்ப்பது முறையல்ல. ஆகவே ஒவ்வொருவரும் முதலில் ஒரு விண்ணப்பம் கொடுத்துவிட்டு, தம்மிடம் உள்ள பிரதியை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதிவேற்ற வேண்டும். தவறினால் அவர் எந்தக் காலத்திலும் இத்துறையில் பணியில் சேராதவராகக் கருதப்படுவார். வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்றில்லை. சேரவே இல்லை என்று ஆகிவிடும். ஓய்வு பெற இரண்டே வருடம் பாக்கி இருக்கிற மனிதருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அந்த வாசகத்தை எழுதும்போது சுற்றறிக்கையார் அப்படி யோசிக்கவில்லை. சொற்கள் அழகாக அமைந்துவிட்டன என்று சந்தோஷப்பட்டார்.

சுற்றறிக்கையின் கடைசியில் அவரே ஒரு வரியையும் சேர்த்தார். 'விண்ணப்பத்துடன் வெற்றுப் பென் டிரைவ் ஒன்று இணைக்கப்பட வேண்டும்.'

"எதுக்கு இது?" என்று இயக்குநர் கேட்டார்.

"இணைப்பு இல்லாத விண்ணப்பம் எப்படி சார் விண்ணப்பமாகும்?" என்றார் இவர். இயக்குநருக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

திங்கட்கிழமை காலை விண்ணப்பம் கொடுக்கக் கிளம்பியபோது வீட்டில் வெற்றுப் பென் டிரைவ் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். பெட்டியின் பின்னால் ஒன்று செருகிக் கிடந்தது. வருடம் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு வேலையும் செய்வதாகத் தெரியவில்லை, விளக்குக்கூட மின்னவில்லை. உபரி என்று முடிவு கட்டினார். பிடுங்கினார், மடிக்கணினியில் செருகி இருந்ததை எல்லாம் அழித்தார், சின்ன உறையில் போட்டு விண்ணப்பத்தோடு சேர்த்துக் கிளிப் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெட்டி விழிக்கும்போது ஒருமுறை பென் டிரைவைப் படித்து மனப்பாடம் செய்துகொள்ளும், பிறகு அணைக்கிற வரைக்கும் அதை ஏறெடுத்தும் பார்க்காது. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்று முழுக்க வேலை நடந்ததாக அர்த்தம் என்கிற முறை சுற்றறிக்கையாருக்குப் பழக்கமானதுதான். செவ்வாய்க்கிழமையும் அப்படியே ஓடியது. புதன்கிழமை பத்து நிமிடம் கரண்ட் போய் வந்தது.

அன்று சாயங்காலம் தன் பணிப் பதிவேட்டை எடுக்கலாம் என்று, முறைப்படி தனக்குத் தானே படிவம் எழுதி, தானே அனுமதித்து, பெட்டியைத் திறந்தார். திரையில் 'துவக்கச் சாதனம் இல்லை' என்று ஒரே ஒரு வரி வந்தது. திருப்புளிக்குப் போன் போட்டார்.

"பின்னாடி குட்டியா ஒண்ணு இருக்குமே மாமா, அது சரியா செருகியிருக்கா பாருங்க."

"அது இங்க இல்ல."

"கீழ விழுந்துடுச்சா?"

"விண்ணப்பத்தோட இணைப்பா போயிடுச்சு."

"சரி, போனது போச்சு. அமைப்பு விவரத்துக்குக் காப்புப் பிரதி எடுத்து வைக்கச் சொன்னேனே, எடுத்தீங்களா?"

"எடுக்காம இருப்பனா? மாசா மாசம் ஒண்ணாம் தேதி எடுத்திருக்கேன். 'அதிமுக்கியம்'னு தனிக் கோப்புறையே இருக்கு."

"அப்பாடா. எங்க வெச்சிருக்கீங்க?"

"பெட்டிக்குள்ளதான்."

"வேற எங்கயும் பிரதி இல்லையா?"

"தனிப் பிரதி வெச்சுக்கக் கூடாதுன்னு நம்ம வீட்ல விதி இருக்கே மாப்ளே."

மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்க ஆபீஸ் காகிதமும் அதுக்குள்ளதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அந்தக் காகிதம் கிடைக்காவிட்டால் இருபத்தேழு வருடம் அவர் எங்கே போய் வந்துகொண்டிருந்தார் என்பதற்கு ஒரு பதிலும் இல்லை.

வியாழக்கிழமை காலை முதல் ஆளாக அலுவலகத்தின் பெறுதல் பிரிவுக்குப் போனார். அழித்திருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பென் டிரைவ் கிடைத்தால் உள்ளே இருந்ததைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று திருப்புளி சொல்லியிருந்தான். பெறுதல் பிரிவில் இருந்த பெண்மணியை எல்லோரும் முத்திரையம்மா என்பார்கள். இருபது வருடமாக இவரோடு வேலை பார்க்கிறவள், இவர் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவள்.

"என் பென் டிரைவ் கொஞ்சம் வேணுமே."

"அதோ இருக்கு சார்" என்று காட்டினாள். கவுண்டருக்கு உள்பக்கம் ஒரு கோணிப்பை நிறையப் பென் டிரைவ்கள். அவருடைய உறை மேலாகவே கிடந்தது. கையை நீட்டினால் எட்டும்.

"எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கலாம் சார். திரும்பப் பெறும் விண்ணப்பம் குடுங்க. மெய்ப்பிக்கப்பட்ட ஊழியர் மட்டும்தான் அதைக் குடுக்க முடியும். நீங்க மெய்ப்பிச்சாச்சா?"

"மெய்ப்பிக்கத்தாம்மா அந்தக் காகிதம் வேணும். காகிதம் பெட்டில இருக்கு. பெட்டி திறக்க இது வேணும்."

"அப்போ மொதல்ல மெய்ப்பிச்சிட்டு வந்துடுங்க, உடனே தரேன்."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு? இருபது வருஷமா பார்க்கறீங்களே?"

"எனக்கு உங்களைத் தெரியும் சார். ஆனா எனக்கு உங்களைத் தெரியும்ங்கறது பதிவுல இல்லையே." அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "டீ சொல்லட்டுமா சார்? அதுக்குப் படிவம் இல்ல."

டீயை மறுத்துவிட்டு இயக்குநரிடம் ஓடினார். இயக்குநர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த விதியைத் திரையில் வரவழைத்து இரண்டு தடவை படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எங்க சுத்தினாலும் ஒரு ஓட்டைகூட இல்ல" என்று எழுந்து நின்று கை குலுக்கினார். இருபத்தேழு வருடத்தில் மேலதிகாரி ஒருவர் எழுந்து நின்று பாராட்டியது அதுதான் முதல் தடவை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வெளியே வந்தார்.

அன்று நாலரை மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். திருப்புளி புதிய பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். அதைச் செருகியதும் பெட்டி விழித்தது. நான்கு டிஸ்க்குகளும் உயிரோடு இருப்பதாகச் சொன்னது. சுற்றறிக்கையாருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. அப்புறம் திரையில் நான்கு காலி இருக்கைகளைக் காட்டி, எந்த டிஸ்க் எந்த இருக்கை என்று கேட்டது.

"இங்கதான் மாமா பார்த்துச் செய்யணும்" என்றான் திருப்புளி. "மூணு டிஸ்க்ல நம்ம கோப்பெல்லாம் இருக்கு. நாலாவதுல கோப்பே கிடையாது. மத்த மூணுல எது செத்தாலும் அதைத் திரும்ப வரவழைக்கற கணக்கு மட்டும்தான் இருக்கும். துணை டிஸ்க்குனு வெச்சுக்கங்க. எது துணைங்கறது பழைய பென் டிரைவுக்குத்தான் தெரியும். இப்ப தப்பா ஒரு கோப்பு டிஸ்க்கைத் துணை இருக்கைல உட்கார வெச்சோம்னா, பெட்டி அதைச் சுத்தமா துடைச்சிட்டுப் புதுக் கணக்கு எழுதிடும்."

"துடைச்சிட்டுன்னா?"

"போயே போச்சு."

சுற்றறிக்கையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிரச்சினை இருக்கை ஒதுக்கீடு என்று தெரிந்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. அது அவருடைய துறை. உடனே இருக்கை ஒதுக்கீட்டுக் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் அவர், உறுப்பினர் மனைவி. திருப்புளி சிறப்பு அழைப்பாளர், அதாவது பேசலாம், வாக்குரிமை கிடையாது.

"பணிமூப்புதான் முறை" என்று தொடங்கினார். "நாலு டிஸ்க்ல எது ரொம்ப முந்தித் தயாரானதோ அதுக்குத்தான் துணை இருக்கை. வேலை இல்லாத பதவி எப்பவும் மூத்தவருக்குத்தான் போகும்."

"மாமா, டிஸ்க்குக்கு அதெல்லாம் தெரியாது."

"சிறப்பு அழைப்பாளர் தலைவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது. முதல் டிஸ்க்தான் மூத்தது. அதைத் துணை இருக்கையில் அமர்த்த இக்குழு தீர்மானிக்கிறது" என்று விரலை நீட்டினார்.

விரல் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நர்ஸின் பிடி, விடுவித்துக்கொள்ள முடியவில்லை. "கையை எடுங்க. என்ன குரூப்புனு பார்க்காமலா ரத்தம் ஏத்துவாங்க? வயசைக் கேட்டா ஏத்துவாங்க?" என்றாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள். "எது என்னன்னு டெஸ்ட் பண்ணிப் பார்க்க வழி இல்லையாடா?"

"இருக்கே அக்கா. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியா எடுத்து, எதையும் எழுதாம சும்மா படிச்சு மட்டும் பார்க்கலாம். மூணு திறக்கும். திறக்காம குப்பை குப்பையா எது வருதோ அதுதான் துணை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்போ இந்தக் குழு எதுக்கு?" என்று அவள் கேட்டாள். தலைவர், மணி ஐந்தேகால் ஆகிவிட்டதால் அலுவல் நேரம் முடிந்தது என்றும், தீர்மானத்தை மாற்றுவதாக இருந்தால் மறுநாள் காலை குழு மறுபடி கூட வேண்டும் என்றும் சொல்லிப் பார்த்தார். அவள் முறைத்த முறையில் குழு அப்போதே கலைந்தது. திருப்புளிக்கோ கடையில் ஒரு வேலை பாக்கி இருந்தது, காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டார். திருப்புளி பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தான். முதல் டிஸ்க்கைத் தனியே திறந்தான். திறந்தது. முழுக்க வீட்டுச் சுற்றறிக்கைகள், எண் ஒன்று முதல் அறுநூற்றுப் பதினெட்டு வரை.

"நேத்து இதைத்தானே மாமா துடைக்கப் பார்த்தீங்க?"

"அழுத்த விட்டிருக்கலாம் போலிருக்கே" என்றாள் மனைவி.

இரண்டாவது டிஸ்க்கில் போட்டோக்கள் இருந்தன. மகள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனது, மனைவி நர்ஸ் உடுப்பில் முதல் தடவை நின்றது. மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாம் மூன்று வருடமாகப் படிவத்துக்குப் பின்னால் கிடந்த படங்கள். மூன்றாவது டிஸ்க் திறக்கவில்லை. அதுதான் துணை என்று திருப்புளி காகிதத்தில் குறித்துக்கொண்டான். நான்காவதைத் திறந்ததும் 'அதிமுக்கியம்' என்று மேலேயே தெரிந்தது. பிறகு நாலு பேரையும் அவரவர் இருக்கையில் உட்கார வைத்தான். பெட்டி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. ஒரு கோப்புக்கூடக் குறையவில்லை.

சுற்றறிக்கையார் மைத்துனனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி யாரையும் கட்டிப் பிடித்ததில்லை. திருப்புளிக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. அப்புறம் உட்கார்ந்து, ஆசையாக, 'பணிப் பதிவேடு, இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள்' என்ற கோப்பைத் திறந்தார்.

முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. அட்டையின் பின்புறமாக இருக்கும் என்று அடுத்த பக்கத்துக்குப் போனார். அதுவும் வெள்ளை. பத்தாவது பக்கம் வெள்ளை, ஐம்பதாவது பக்கம் வெள்ளை, இருநூற்றுப் பதினான்காவது பக்கத்தில் மட்டும் ஒரு மூலையில் ஸ்டேப்ளர் ஓட்டை தெரிந்தது.

"டிஸ்க்ல ஏதாவது கோளாறா மாப்ளே?"

திருப்புளி அங்கே இங்கே தட்டிப் பார்த்தான். "கோளாறே இல்ல மாமா. மூணு வருஷம் முன்னாடி போட்டது போட்டபடி இருக்கு. ஸ்கேன் பண்ணும்போதே இப்படித்தான் வந்திருக்கு. காகிதத்தை எப்படி வெச்சீங்க?"

அலுவலகச் சுற்றறிக்கை எண் எண்பத்தெட்டு அவருக்கு மனப்பாடம். எழுதியவர் அவர்தானே. 'ஆவணங்களை அவற்றுக்குரிய மரியாதையுடன், எழுத்துள்ள பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு இயந்திரத்தில் வைக்க வேண்டும்.' சொன்னார்.

"அந்த மெஷின் அடிப்பக்கத்தைத்தானே மாமா படிக்கும்."

சுற்றறிக்கையார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அசல் காகிதங்களைத் துண்டாக்கியது அவரே, கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதும் அவரே. நான்கு டிஸ்க்குகள், மாதாந்திரக் காப்பு, அதிமுக்கியம் என்ற கோப்புறை, இத்தனையும் வைத்து மூன்று வருடமாக அவர் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தது இருநூற்றுப் பதினான்கு வெற்றுத் தாள்கள்.

"என் இருபத்தேழு வருஷம்" என்றார்.

மனைவி எட்டித் திரையைப் பார்த்தாள். "நீங்க ஆபீஸ்ல செஞ்ச வேலையெல்லாம் ஒண்ணு விடாம அப்படியே வந்திருக்கே" என்றாள். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, "போய் நடந்ததைச் சொல்லுங்க. வேலை பார்த்தது நீங்கதானே, காகிதமா பார்த்தது?" என்றாள். அவரைக் கட்டிக்கொண்ட இத்தனை வருடத்தில் அவள் கேட்டதிலேயே அவருக்குப் புரியாத கேள்வி அதுதான்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அலுவலகத்தில் தன் மேஜையில் உட்கார்ந்திருந்தார். வேறு வழி தெரியவில்லை. வெற்றுத் தாள்களையே பதிவேற்றிவிட்டு, வந்தது வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள் பெறப்பட்டன. அலுவலகப் பிரதியுடன் முற்றிலும் பொருந்துகின்றன. தாங்கள் மெய்ப்பிக்கப்பட்டீர்கள்.'

முத்திரையம்மாவிடம் ஓடிப்போய் மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னார். அவள் தன்னுடைய கோப்பைத் திறந்து பார்த்தாள். வெள்ளை. பக்கத்து மேஜைக்காரருடையதும் வெள்ளை. இயக்குநருடையது நல்ல பளபளப்பான வெள்ளை. நானூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களில் நானூற்றுப் பதினொரு பேருக்குப் பச்சை விளக்கு எரிந்திருந்தது.

"அப்போ ஜனங்களோடது?" என்றாள் முத்திரையம்மா. பிறப்பு, திருமணம், வீட்டுப் பத்திரம், ஊரில் உள்ள அத்தனை பேருடையதும் அதே இயந்திரத்தில்தான் போனது. மூன்று வருடமாக ஏன் யாரும் கவனிக்கவில்லை என்றால், அந்த மூன்று வருடத்தில் எந்த விண்ணப்பமும் ஆவணத்தைத் திறந்து பார்க்கிற கட்டம்வரை வந்து சேரவில்லை.

திங்கட்கிழமை இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நானூத்திப் பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கா?"

"ஆமா சார், எல்லாமே வெள்ளை."

"பிழை எதுவும் இல்ல?"

"எழுத்தே இல்லையே சார், பிழை எங்கிருந்து வரும்?"

"இத்தனை வருஷ அனுபவத்துல பிழையே இல்லாத பதிவேட்டை நான் பார்த்ததில்ல" என்றார் இயக்குநர். "இதைப் போய்க் குறைன்னு சொல்றீங்களே. பிரச்சினை இந்த நானூத்திப் பன்னெண்டாவது ஆள்தான்." அன்றைக்கே சுற்றறிக்கையாரை மெய்ப்பித்தல் அலுவலராக நியமித்தார். நியமன ஆணை ஒரு தாளில் வந்தது. முதல் வேலையாக அந்த ஆளைச் சேராதவர் என்று அறிவிக்கும் ஆணையைத் தயாரிக்கச் சொன்னார்.

அந்த ஆள் தோட்டக்காரர். அலுவலக வாசலில் இருந்த ஆறு பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவர். அந்த வளாகத்தில் செய்த வேலை கண்ணுக்குத் தெரிவது அவருடையது மட்டும்தான். ஸ்கேன் எடுத்த காலத்தில் அவரை யாரும் கூப்பிடவில்லை. இப்போது அவருடைய மகள் அசல் ஆணையைப் போனில் படம் பிடித்துப் பதிவேற்றியிருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. 'பதிவேற்றிய பக்கத்தில் எழுத்து காணப்படுகிறது. பிற ஊழியர்களின் ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை.'

தோட்டக்காரர் வந்து நின்றார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"என்ன தப்புன்னு தெரியல சார். இதுதான் அன்னிக்குக் குடுத்தாங்க. பத்தொன்பது வருஷமா வெச்சிருக்கேன்."

சுற்றறிக்கையார் காகிதத்தை விரித்தார். பெயர் இருந்தது, தேதி இருந்தது, இன்ன வேலைக்கு இன்னாரை நியமிக்கிறோம் என்று தெளிவாக இருந்தது, கீழே நீல மையில் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. மூன்று வருடத்தில் அவர் பார்க்கும் முதல் எழுத்துள்ள ஆவணம். துறையிலேயே உண்மையாக வேலையில் சேர்ந்ததற்கு ஆதாரம் உள்ள ஒரே மனிதர் எதிரே பயந்துகொண்டு நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் காகிதம் சரி என்று எழுதினால் மற்ற நானூற்றுப் பதினொன்றும் தப்பு, அதில் முதல் தப்பு தன்னுடையது. தப்பு என்று எழுதினால் இந்த மனிதர் நாளைக்கு வாசலுக்குள் வர முடியாது. காகிதத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு வேலை போயிடுமா சார்?"

"போகாது. என்கூட வாங்க."

ஸ்கேன் இயந்திரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். "இதுல வைங்க. எழுத்து மேல இருக்கட்டும்" என்றார். தோட்டக்காரர் இரண்டு கையாலும் காகிதத்தை வைத்தார். இயந்திரம் உறுமியது. திரையில் ஒரு வெள்ளைத் தாள் வந்தது. அனுப்பியதும் பச்சை விளக்கு எரிந்தது.

தோட்டக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கை கூப்பினார். "இனி இந்த அசல், சார்?"

விதியை அவரால் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. துண்டாக்கும் இயந்திரத்தின் மேலே சுவரில், ஸ்கேன் ஆன அசலை உடனே துண்டாக்க வேண்டும் என்று அவர் எழுதிய சுற்றறிக்கைதான் ஒட்டியிருந்தது. தோட்டக்காரர் எழுத்துக் கூட்டி அதைப் படித்துவிட்டு, தானே காகிதத்தை இயந்திரத்தின் வாயில் கொடுத்தார். பத்தொன்பது வருடம் மூன்று விநாடியில் உள்ளே போனது. சுற்றறிக்கையாரின் கை தடுப்பதற்காகப் பாதிவரை போய், அங்கேயே நின்றது.

"அப்பாடா" என்றார் தோட்டக்காரர், முகமெல்லாம் நிம்மதியாக. "இத்தனை வருஷமா இந்தக் காகிதம் எங்க தொலைஞ்சு போயிடுமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் சார். இனிமே அந்தப் பயமே இல்ல."